முதல் 60 அடியில் டர்போ காரின் பிடிமானத்தைக் கூட்டுவது எப்படி

நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு கால் மைல், அதாவது 1,320 அடி, நேராக ஓடும் டிராக் ரேஸ் தடத்தில் ஓட்டி முடித்ததும் கைக்கு வரும் நேரச் சீட்டில் பெரும்பாலானோரின் கண் கால் மைல் நேரத்தின் மீதே விழுகிறது. சாலையில் ஓட்டும் டர்போ காரை மேம்படுத்த விரும்புபவர் அதற்கு முன்பு பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: முதல் 60 அடியைக் கடந்த நேரமும், 1,320 அடி முடிவில் பதிவான வேகமும். இறுதி வேகத்தைக் கொண்டு எஞ்சினின் திறனை அறியலாம். அந்தத் திறனில் எவ்வளவு தரையில் இறங்கியது என்பதை 60 அடி நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,450 கிலோ எடையும் 400 குதிரைத்திறனும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடையையும் திறனையும் வைத்துக் கணக்கிடும் வழக்கமான வாய்பாட்டின்படி, அது மணிக்கு ஏறத்தாழ 117 மைல், அதாவது 188 கிலோமீட்டர் வேகத்தில் முடிவுக்கோட்டைக் கடக்க வேண்டும், நேரம் 11.6 நொடியை ஒட்டி இருக்க வேண்டும். வேகம் சரியாக வந்தும் நேரம் 12.6 என்று காட்டினால், எஞ்சினில் குறையில்லை, அந்த ஒரு நொடி புறப்பட்ட இடத்திலேயே போய்விட்டது என்று பொருள். இந்த நிலையில் பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றுவது சறுக்கலைத்தான் கூட்டும். அதற்கு மாறாக, 60 அடியில் 0.1 நொடியை மிச்சப்படுத்தினால் முடிவில் பொதுவாக 0.15 முதல் 0.2 நொடி வரை குறையும். பச்சை விளக்கைக் கண்டதும் பதறிப் புறப்படவும் தேவையில்லை. முன்சக்கரம் புறப்படும் கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை விட்டு விலகிய பிறகே ஓட்ட நேரம் கணக்கிடப்படுவதால், விளக்குக்குப் பின் ஏற்படும் தாமதம் அதில் சேராது.

டர்போ கார் ஏன் இவ்வளவு எளிதில் சறுக்குகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எஞ்சினின் முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர், முதல் கியரும் இறுதி விகிதமும் சேர்ந்து 14 மடங்கு, டயரின் ஆரம் 0.32 மீட்டர் என்றால், சக்கரத்தின் விளிம்பில் ஏறத்தாழ 21,900 நியூட்டன் விசை வந்து சேர்கிறது. இயக்கும் சக்கரங்களின் மீது 870 கிலோ எடை இருப்பதாகக் கொண்டாலும், சாதாரண டயர் தாங்கக்கூடியது சுமார் 8,500 நியூட்டன்தான். கியர்பாக்ஸிலும் அச்சிலும் ஏற்படும் இழப்பைக் கழித்த பிறகும் டயர் தாங்குவதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட விசை இருக்கிறது. அதுவும் பூஸ்ட் ஏறும்போது படிப்படியாக வராமல் திடீரென்று வருவதால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலால் மட்டும் அதைச் சமாளிப்பது கடினம்.

ஆகவே வேலையை டயரிலிருந்து தொடங்க வேண்டும். டிராக் ரேஸுக்கென்றே செய்யப்பட்ட, பிடிமானம் மிகுந்த டிராக் ரேடியல் டயர் ஒரு ஜோடி வாங்குவது, என் கருத்தில், பெரிய டர்போவுக்குச் செலவிடுவதைவிட முதலில் செய்யத்தக்க செலவு. அத்தகைய டயரில் 16 முதல் 20 பிஎஸ்ஐ வரையும், சாதாரணச் சாலை டயரில் 26 முதல் 28 பிஎஸ்ஐ வரையும் காற்று வைத்துத் தொடங்கலாம். தயாரிப்பாளர் குறைந்தபட்ச அளவு குறிப்பிட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. சரியான அளவைக் கண்டறிய, டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை சாக்பீஸால் ஒரு தடித்த கோடு போட்டு, சற்று தூரம் நேராக உருட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் அழிந்து நடுவில் கோடு தங்கியிருந்தால் காற்று குறைவு. பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 பிஎஸ்ஐ வீதம் மாற்றி, 60 அடி நேரம் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். டயர் சூடேறினால் அழுத்தமும் ஏறும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் அளக்க வேண்டும்.

பள்ளமான வரிகள் கொண்ட சாலை டயரோடு வருபவர்கள் ஓட்டத்துக்கு முன் டயரைச் சுழற்றிச் சூடேற்றும் பர்ன்அவுட் இடத்திலுள்ள தண்ணீரைச் சுற்றிக்கொண்டு செல்வதே நல்லது. அந்த வரிகளில் தேங்கும் நீர் புறப்படும் கோடு வரை கூடவே வந்து பிடிமானத்தைக் கெடுக்கும். அத்தகைய டயருக்கு ஒட்டிய மண்ணும் கல்லும் உதிரும் அளவுக்கு ஒரு சிறு சுழற்சி போதும். டிராக் ரேடியலை மெல்லிய புகை கிளம்பும்வரை சுழற்றினால் போதுமானது.

கார் முன்னோக்கிப் பாயும்போது எடை பின்னால் சாய்கிறது. மேலே சொன்ன காரின் சக்கர இடைவெளி 2.6 மீட்டர், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம் என்றால், 0.6 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு) முடுக்கத்தில் ஏறத்தாழ 167 கிலோ முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும். பின்சக்கர இயக்கக் காருக்கு இது வரம். முன்புற ஷாக் அப்சார்பர் எளிதில் நீளுமாறு தளர்த்தி இந்தச் சாய்வை விரைவுபடுத்தலாம். முன்சக்கர இயக்கக் காருக்கு இதுவே பகை என்பதால், பின்புறம் அமுங்காதபடி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் இறுக்கி, எடையை முன்னால் தக்கவைக்க வேண்டும். எந்த அமைப்பானாலும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்கிறது என்றால் விசையை மறு சக்கரத்துக்கும் பகிர்ந்தளிக்கும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இல்லாமல் தீராது. சக்கரம் துள்ளத் தொடங்கினால் உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும், ஏனெனில் அச்சும் அதன் மூட்டான சிவி ஜாயின்ட்டும் முறிவது பெரும்பாலும் அந்தத் துள்ளலில்தான்; தேய்ந்த ரப்பர் புஷ்களையும் எஞ்சின் மவுண்ட்டுகளையும் மாற்றிய பிறகே மீண்டும் முயல வேண்டும்.

இனி பூஸ்ட். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கியர்வாரியாக பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வசதி கொண்டதாக இருந்தால், முதல் கியரில் மிகக் குறைவாகவும், இரண்டாவதில் நடுத்தரமாகவும், மூன்றாவதிலிருந்து முழுமையாகவும் அமைக்க வேண்டும். இங்கே பலர் கவனிக்கத் தவறுவது, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை டர்போவுக்குள் போகாமல் திருப்பிவிட்டு பூஸ்டை மட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங். பூஸ்ட் கண்ட்ரோலர் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்டைக் குறைக்க அதனால் முடியாது. ஆகவே 1 பார் ஸ்பிரிங் போட்ட காரில் முதல் கியருக்கு அரை பார் கிடைக்காது. அந்நிலையில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி எழும் நேரத்தை, பின்தள்ளியோ, எலக்ட்ரானிக் த்ராட்டில் திறப்பைக் குறைத்தோ முறுக்குவிசையை அடக்கலாம். மேனுவல் கியர் காரில், நிற்கும்போது எஞ்சின் சுழற்சியை ஓர் அளவில் பிடித்து வைக்கும் இரு கட்ட ரெவ் லிமிட்டர், புறப்படுவதற்கு முன்பே பூஸ்டைத் திரட்டித் தரும். ஆனால் அப்போது வெளியேறும் வாயுவின் வெப்பம் டர்பைனையும் எக்ஸாஸ்ட் வால்வுகளையும் வதைப்பதால், கடைசி ஓரிரு நொடிகளுக்கு மேல் அதில் நிற்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை அழுத்தியபடி ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றி, சிறிதளவு பூஸ்ட் தென்பட்டதும் விடுவிக்கலாம்.

60 அடி நேரம் ஒரே சீராக வரத் தொடங்கிய பின்பே மேல் கியர்களில் பூஸ்டைக் கூட்டலாம். அதையும் காற்று எரிபொருள் விகிதத்தையும் நாக்கிங்கையும் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதையும்) ஈசியூவின் பதிவில் பார்த்தபடியே செய்ய வேண்டும். வரிசையில் காத்திருக்கும்போது சூடேறிய இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் கருவி) உள்ளே போகும் காற்றைச் சூடாக்க, நாக்கிங் வராமலிருக்க ஈசியூ டைமிங்கைக் குறைத்துவிடும். அப்போது இறுதி வேகம் ஓட்டத்துக்கு ஓட்டம் இறங்குவதைச் சீட்டில் காணலாம். இடைவேளையில் பானெட்டைத் திறந்து மின்விசிறி வைப்பது எளிய தீர்வு. இன்டர்கூலர் மீது ஐஸ் வைப்பவர்கள் சொட்டும் நீரைத் துடைத்துவிட்டே தடத்துக்குள் நுழைய வேண்டும், ஏனெனில் அந்தச் சில துளிகள் அடுத்து வருபவரைச் சுவரில் மோத வைத்துவிடலாம்.

நேரம் குறையக் குறையப் பாதுகாப்பு விதிகளும் இறுகும். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிகளில் 13.99 நொடியும் அதற்குக் குறைவாகவும் ஓடும் கார்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். மற்ற இடங்களில் தடத்தை நடத்துபவர்களின் விதியை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். வீடு திரும்பும் முன் டயர்களில் சாலைக்குரிய காற்றை நிரப்பி, ஷாக் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். மழை பெய்தால், வரிகள் குறைந்த டிராக் ரேடியலைக் கழற்றி வழக்கமான டயரை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.