இரண்டு பென்சில், ஒரு குவளை மழைநீர்: எரிபொருட் கலம் செய்து பார்ப்போம்

மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது யாழ்ப்பாணம். அந்த மண்ணின் பிள்ளைகள், மின் பிறக்கும் இன்னொரு வழியையும் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஐதரசனை எரிக்காமலே அதிலிருந்து மின் எடுக்கும் எரிபொருட் கலம்தான் அந்த வழி.

இரு முனையும் சீவிய இரண்டு பென்சில்கள், 9 வோல்ற்றுப் பற்றரி, இரண்டு வயர்கள், மல்ரிமீற்றர், அப்பச்சோடா ஆகியவற்றை எடுத்துவையுங்கள்.

1. முதலில் தண்ணீர். நமது கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருக்கிறது. உப்பு நீரில் மின்னைச் செலுத்தினால் நச்சு வாயுவான குளோரீன் வெளிவரும். ஆகவே கிணற்று நீர் வேண்டாம், கறியுப்பும் வேண்டவே வேண்டாம். மழைநீரையோ, வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையோ கண்ணாடிக் குவளையில் எடுத்து, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரையுங்கள்.

2. மட்டைத் துண்டொன்றில் இரு துளையிட்டுப் பென்சில்களைச் செருகி, ஒன்றையொன்று தொடாதபடி நீரில் நிறுத்துங்கள்.

3. மேல்முனைகளைப் பற்றரியுடன் இணையுங்கள். மறை முனைப் பென்சிலில் ஐதரசனும் நேர் முனையில் ஒட்சிசனும் குமிழிகளாக எழும். ஒரு நிமிடம் போதும். யன்னல் திறந்திருக்கட்டும், குவளையை மூடாதீர்கள், அருகில் நெருப்பு கூடாது.

4. பற்றரியைக் கழற்றிவிட்டு, அதே வயர்களை உடனே மல்ரிமீற்றரில் நேரோட்ட வோல்ற்று அளவில் பொருத்துங்கள். பற்றரி இல்லை, ஆனாலும் ஒரு வோல்ற்றை ஒட்டி ஏதோ ஓர் அளவு தெரியும். பிறகு மெல்லக் குறையும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு வியப்பூட்டும் கணம் இது.

பென்சில் கரியில் ஒட்டிய குமிழிகளே இப்போது எரிபொருள். ஐதரசன் விட்டுக்கொடுக்கும் இலத்திரன்கள் வயர் வழியே சுற்றி ஒட்சிசனை அடைகின்றன. மீண்டும் நீர் உண்டாகிறது. 1839இல் பிரித்தானிய அறிவியலாளர் வில்லியம் குரோவ் பிளாற்றினத்தைக் கொண்டு கண்டதும் இதைத்தான். இன்றைய வாகனங்களின் எரிபொருட் கலங்களில் பிளாற்றினம் தாக்கத்தை விரைவுபடுத்தும் ஊக்கியாகிறது. நடுவிலுள்ள மென்சவ்வு, இலத்திரனை இழந்த ஐதரசன் அணுக்களான புரோத்தன்களை மட்டும் கடக்கவிடுகிறது. ஒரு கலம் வேலைசெய்யும்போது தருவது ஏறத்தாழ 0.7 வோல்ற்றுதான் என்பதால் பல கலங்களை அடுக்குகிறார்கள். அப்பலோ விண்கலங்களில் இப்படி உண்டான நீரையே வீரர்கள் குடித்தார்கள்.

ஆனால் உலகில் இன்று தயாராகும் ஐதரசனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. அப்போதே காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. அதனால் வெயிலைக் கொண்டு ஐதரசன் எடுக்கும் ஐந்தாம் படியைத் தவறவிடாதீர்கள்.

5. பற்றரிக்குப் பதிலாக 6 வோல்ற்றுச் சூரியப் பலகையை முற்றத்து வெயிலில் வைத்து மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். முகில் மறைக்கும்போது குமிழிகள் எப்படிக் குறைகின்றன என்பதையும், பலகையைக் கழற்றிய பின் மல்ரிமீற்றர் என்ன காட்டுகிறது என்பதையும் கொப்பியில் குறித்துவையுங்கள்.