லேத் பட்டறைக்குப் புதியவரா? மைக்ரோமீட்டரில் அளவு பார்ப்பது இப்படித்தான்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூரு பீன்யாவுக்கு வந்து லேத் பட்டறையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். "இப்பத்து மைக்ரான் ஜாஸ்தி இதெ" என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் சொல்லி ஜாபை (நீங்கள் கடைந்த துண்டை) திருப்பிக் கொடுத்தால், அந்த இருபது மைக்ரானை நீங்களே கருவியில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். 1967-இல் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு இந்தப் பெயரை நீக்கிவிட்டது. முறையான பெயர் மைக்ரோமீட்டர். பட்டறையில் மைக்ரோமீட்டர் என்றால் கருவி, அளவுக்கு இன்றும் மைக்ரான்தான்.

முதலில் சுத்தம். ஜாபைப் பிடிக்கும் இரண்டு அளவு முகங்களுக்கும் நடுவே வெள்ளைத் தாளை லேசாகப் பிடித்து உருவுங்கள். பிறகு ராட்செட்டை (கடைசி முனையில் இருக்கும் சின்னத் திருகி) திருகி மூடி, தம்பிளின் (சுற்றும் உருளையின்) பூஜ்யம் ஸ்லீவின் (சுற்றாத உள் குழாயின்) நீளக் கோட்டில் நிற்கிறதா பாருங்கள். மூடியபோதே 0.02 காட்டினால், எடுக்கும் ஒவ்வொரு அளவிலும் 0.02 கழிக்க வேண்டும்.

அடுத்து ஜாபை வைத்து, ராட்செட் இரண்டு மூன்று முறை 'டிக்' என்னும் வரை திருகுங்கள். தம்பிளைப் பிடித்து இறுக்கவே கூடாது. கையழுத்தத்தில் சில மைக்ரான் போய்விடும்.

சரி, இப்போது படிப்பது. சாதாரண மைக்ரோமீட்டரில் தம்பிள் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். அதில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். ஸ்லீவில் 7 தெரிகிறது, அதைத் தாண்டி அரை மி.மீ. காட்டும் அரைக் கோடும் தெரிகிறது, தம்பிளில் 38 என்றால் 7 + 0.5 + 0.38 = 7.88 மி.மீ. புதியவர்கள் தவறவிடுவது அந்த அரைக் கோட்டைத்தான். விட்டால் 7.38 என்று எழுதுவீர்கள். 500 மைக்ரான் பிசகு, ஜாப் ஸ்கிராப்.

ஒற்றை மைக்ரான் வேண்டுமென்றால் ஸ்லீவில் வெர்னியர் கோடுகள் (தம்பிளின் ஒரு கோட்டைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் துணைக் கோடுகள்) உள்ள மைக்ரோமீட்டர் தேவை. அந்த அளவுக்குப் போகும்போது சூட்டையும் கவனியுங்கள். உலக வழக்கில் நீளம் பார்க்க வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் நீளும். 25 மி.மீ. தண்டு 40 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். லேத்திலிருந்து கழற்றிய சூட்டோடு அளக்காதீர்கள், ஆறட்டும்.

தண்டு என்றால் இரண்டு முனையிலும் நடுவிலும், அப்புறம் கால் சுற்று திருப்பி மறுபடியும் அளந்து எழுதுங்கள். பெட்டியில் வைக்கும்போது முகங்கள் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள்.