மேடையும் வீடும்: விவாகரத்தான நகைச்சுவையாளரின் கதையைத் தொடராக எழுதுவது எப்படி?

விவாகரத்தான ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஒருவர் பிள்ளைகளை வளர்க்கும் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எழுத முனைபவர்கள், பெரும்பாலும் மேடையில் அவர் சொல்லப்போகும் நகைச்சுவைகளிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன்பாக ஒரு வாரத்தின் அட்டவணையை எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் எந்தெந்த நாட்களில் தந்தையிடம் இருக்கிறார்கள், எந்த இரவுகளில் அவருக்கு மேடை, அப்போது வீட்டில் அவர்களுக்குத் துணை யார், பின்னிரவில் திரும்புபவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்து அவர்களைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிள்ளைகள் உறங்கும் நேரம்தான் இவருடைய வேலை நேரம். கதைக்குத் தேவையான சிக்கல்களில் பாதி இந்த ஒரு முரணிலிருந்தே கிடைத்துவிடும்.

அடுத்து, அமெரிக்காவின் எஃப்எக்ஸ் அலைவரிசையில் 2010 முதல் 2015 வரை ஐந்து பருவங்களாக, மொத்தம் 61 எபிசோடுகள் ஒளிபரப்பான ‘லூயி’ தொடரைப் பயிற்சி நூலைப் போல எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க்கில் இரண்டு மகள்களை வளர்க்கும் நகைச்சுவையாளரின் கதையை லூயி சி.கே. தாமே எழுதி, இயக்கி, நடித்தார். பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டது 2017இல் செய்தியாக வெளிவந்தது. அவரும் அதை ஒப்புக்கொண்டார். இதை அறிந்துகொண்டுதான் இத்தொடரைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் எபிசோடை எடுத்துக்கொண்டு, தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மேடைக் காட்சிகளையும் மறுபக்கம் வீட்டுக் காட்சிகளையும் நேரத்துடன் குறித்துவாருங்கள். மேடையில் பேசப்படுவது வீட்டில் நடந்ததற்கு விளக்கவுரையாக அமைவது அரிது என்பது புலப்படும். சில நேரங்களில் இரண்டுக்கும் தொடர்பே இருக்காது. அந்த இடைவெளியைப் பார்வையாளரே நிரப்பிக்கொள்கிறார். புதிதாக எழுதுபவர்கள் தவறுவது இங்கேதான். வீட்டில் மகள் அழுதாள் என்றால், உடனே மேடையில் அவள் அழுகையைப் பற்றியே அவரைப் பேசவைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பருவத்தில், படைவீரர்களை மகிழ்விக்க ஆப்கானிஸ்தானுக்குச் செல்லும் தந்தையின் பெட்டிக்குள் மகள் ஒரு வாத்துக்குஞ்சை ஒளித்து வைத்து அனுப்பிவிடுகிறாள். அவர் அங்கு போய்ச் சேர்ந்த பிறகு அவள் எந்தக் காட்சியிலும் வரத் தேவையில்லை. கைக்குள் அடங்கும் அந்த உயிர் இருக்கும் இடமெல்லாம் அவளும் இருக்கிறாள். பாசத்தை வசனமாக்காமல் ஒரு பொருளிலோ உயிரிலோ ஏற்றிவிடும் இந்த முறையைக் கற்றுக்கொள்வது அவசியம்.

பிள்ளைகளைப் படைக்கும்போது, ஒவ்வொரு காட்சியிலும் அவர்களுக்கென்று ஒரு விருப்பம் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் தந்தையின் வசனங்களை மறைத்துவிட்டு, பிள்ளையின் வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள். அவற்றில் ஒரு சிறுமியின் ஒரு நாள் தெரியவில்லை என்றால், தந்தையின் நகைச்சுவைக்கு எடுத்துக்கொடுப்பதற்காக மட்டுமே அவள் அங்கே நிற்கிறாள் என்று பொருள். அந்தக் காட்சியைத் திருப்பி எழுதுவதே நல்லது. முன்னாள் மனைவியை வில்லியாக்க வேண்டாம். சில வாக்குவாதங்களிலாவது நியாயம் அவர் பக்கம் இருக்கட்டும்.

இவ்வளவும் அமைந்த பிறகு, மேடைப் பகுதியை எழுதலாம். காலையில் மகளுக்குப் பின்னல் போட முயன்று தோற்றுப்போன தந்தை, அவளுடைய ரப்பர் பேண்டைக் கழற்ற மறந்து, மணிக்கட்டில் அதனுடனேயே இரவு மேடையேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விமானப் பயணத்தைப் பற்றிப் பேசட்டும், பல் மருத்துவரைப் பற்றிப் பேசட்டும். பின்னலைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் வேண்டாம். மைக்கைப் பிடித்திருக்கும் கையைக் கேமரா ஒருமுறை அருகில் காட்டினால் போதும். அவர் வீடு திரும்பியதும், உறங்கும் மகளின் தலைமாட்டில் அதைக் கழற்றி வைப்பதோடு எபிசோடை முடித்துவிடலாம்.