மரக் கேசிங்: எங்கெங்கே பிழைக்கும்

மரத்தில் கொம்பியூட்டர் கேசிங் செய்யப்போகிறேன் என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் கேட்பது, "நெருப்புப் பிடிக்காதோ?" என்றுதான். மரம் பற்ற 200 பாகைக்கு மேல் சூடு வேண்டும். புரொசசரோ 100 பாகையை நெருங்கும்போதே தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். பவர் சப்ளையைத் தகரக் கூட்டிலிருந்து கழற்றாமல் அப்படியே வைத்தால் அந்தப் பயம் பெரிதாகத் தேவையில்லை. பிழைப்பது வேறு இடங்களில்.

பலகையில் இருந்து தொடங்குவோம். மரக்காலையில் அறுத்த கையோடு வாங்கிவந்த ஈரப் பலகையில் பெட்டி அடித்தால் கோடையில் மூட்டு விட்டுவிடும். காய்ந்த பலகையும் மாரியில் ஈரத்தை இழுத்து, இழைக்குக் குறுக்கே விரியும், 250 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. கூட வரலாம். கார்த்திகை மழைக்கு மூடி இறுகிப்போய் நெம்பித் திறக்கவேண்டிவருவது இதனால்தான். சிறிய பெட்டிக்கு நல்ல பிளைவூட்டே புத்தி. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். கறுப்பு நாரின் அழகைப் பார்த்துப் பனையில் முழுப்பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்களும் உண்டு. வேண்டாம். பனையில் வைரம் வெளிப்பக்கம் மட்டும், அகலப் பலகையும் எடுக்கமுடியாது. முன்பக்கத்தில் இடைவெளி விட்டுச் சிலாகையாக அடியுங்கள். காற்றும் வரும், பார்க்கவும் வடிவு.

அடுத்தது அளவு. மினி ஐ.ரி.எக்ஸ். என்கிற சிறிய மதர்போட் 170-க்கு 170 மி.மீ., எஸ்.எஃப்.எக்ஸ். என்கிற சிறிய ரகப் பவர் சப்ளை 125-க்கு 100-க்கு 63.5 மி.மீ. இவற்றை மட்டும் கூட்டிப் பெட்டி வரைகிறவர்கள் வயரை மறந்துவிடுகிறார்கள். போட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 24 பின் வயரும் முன்பக்க யூ.எஸ்.பி. வயரும் விறைப்பானவை, சட்டென்று வளையாது. பெட்டியை அடிக்குமுன் மட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி வெட்டி, எல்லா வயரையும் செருகிப் பாருங்கள்.

பின்பக்கம் இன்னொரு சிக்கல். போட்டின் சொக்கெற்றுகள் மெல்லிய தகரத்துக்கு என்றே அமைந்தவை. 12 மி.மீ. பலகையில் அளவாக ஓட்டை வெட்டினால் எச்.டி.எம்.ஐ. பிளக்கின் தலை மரத்தில் முட்டி, பாதியிலேயே நின்றுவிடும். அந்த இடத்தில் மரத்தைப் பெரிதாக வெட்டிவிட்டு அலுமினியத் தகடு போடுங்கள். பவர் சுவிட்சுக்கும் இதே கதைதான்: உட்பக்கம் குடைந்து மெலிதாக்காவிட்டால் நட்டுப் பிடிக்காது.

எல்லாவற்றிலும் மோசமான பிழை ஏர்த்தில், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் தொடுப்பில். இரும்புக் கேசிங்கில் பவர் சப்ளையின் கூடு, போட், முன்பக்க சொக்கெற் எல்லாம் உடம்பு வழியாக ஒன்றோடொன்று தொடுப்பாக இருக்கும். மரத்தில் அந்தத் தொடுப்பு இல்லை. போட்டை நேரே மரத்தில் ஸ்குரூ பண்ணாமல் ஓர் அலுமினியத் தட்டில் பூட்டி, அந்தத் தட்டிலிருந்து பவர் சப்ளையின் கூட்டுக்கு வளையமுனை வைத்த வயர் ஒன்று இழுங்கள். வளையம் உட்காரும் இடத்தில் பெயின்றைச் சுரண்டவேண்டும். பெயின்றுக்கு மேல் பூட்டினால் பூட்டாததற்குச் சமம். முன்பக்க யூ.எஸ்.பி.யின் தகர உடம்பும் இந்தத் தட்டோடு சேரவேண்டும்.

சுவரிலும் ஏர்த் இருக்கவேண்டும், அதுதான் அடிப்படை. மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடப்ரரில் குத்தினால், பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்ரர் கபாசிற்றர்களால் அதன் கூட்டில் சுவர் மின்சாரத்தின் கிட்டத்தட்டப் பாதி வோல்ற்றேஜ் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, சுள்ளென்று கடிக்கும், அவ்வளவுதான். இரும்புப் பெட்டியென்றால் தொட்டவுடன் தெரிந்துவிடும். மரம் அதை மறைத்துவிடுகிறது, பென் டிரைவ் செருகும் நாளில்தான் தெரியவரும்.

மரம் சூட்டைக் கடத்தாது, ஆகவே காற்றோட்டம் ஒன்றுதான் வழி. ஃபானுக்கு முன்னால் அழகுக்கென்று சின்னச் சின்ன ஓட்டைகள் துளைத்தால் காற்று குறையும், இரைச்சல் கூடும். அடியால் காற்று எடுப்பதென்றால் 20 மி.மீ. கால் வையுங்கள். சோளகக் காலத்துப் புழுதிக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வலை ஒன்றும் தேவை.

வெட்டுவது, துளைப்பது, உரஞ்சுவது எல்லாம் போட் உள்ளே போகுமுன் முடியவேண்டும். அலுமினியத் தூள் ஒரு துளி போதும் ஷோட் ஆக. லக்கரை மழைநாளில் அடிக்காதீர்கள், வெளிறிப்போகும். வெயில் நாளில் அடித்து, மணம் முழுதாகப் போனபிறகு பாகங்களைப் பூட்டுங்கள்.