குடியை நிறுத்த நினைப்பவர் முதல் ஏஏ கூட்டத்துக்குப் போவது எப்படி?

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. எங்கள் ஏஏ குழுவில் ஹால் சாவி என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நேராக வந்து கதவைத் திறப்பேன், நாற்காலி போடுவேன், டீ சொல்லிவிடுவேன். அதனால் புதிதாக வருகிறவர்களை முதலில் பார்ப்பது நான்தான். பலர் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் போனைப் பார்த்தபடியே நிற்பார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏஏ உறுப்பினர்கள் பொதுவெளியில் பெயர் போடுவதில்லை, நானும் போடவில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கிறது என்றால், கூட்டத்துக்கு முன்னால் டாக்டரிடம் போக வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் ஆள் குழம்பிப் போவதும் உண்டு. உயிரே போகலாம், வைராக்கியம் அதைத் தடுக்காது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சொன்னால் மருந்து கொடுப்பார்கள், தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். மருந்து உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் விபரீதமாகிவிடும்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க, ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடிப் பாருங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம், அது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். சென்னையில் இருப்பவர்கள் இந்திரா நகர் டிடிகே மருத்துவமனையில் விசாரிக்கலாம். 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அமைப்பு நடத்துவது, குடி, போதை சிகிச்சைக்கென்றே இருக்கும் இடம். சின்ன ஊர் என்றால் சர்ச் அலுவலகத்தில் கேளுங்கள். நிறையக் குழுக்கள் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோதான் கூடுகின்றன. இடம் மட்டும்தான் சர்ச்சுடையது, குழு எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை.

இரண்டு மூன்று குழுக்கள் தெரியவந்தால் எதற்குப் போவது? பெரிய ஹால், படித்த ஆட்கள் என்றெல்லாம் பார்க்காதீர்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்க உட்காரும் நேரத்தில் நடப்பதற்குப் போங்கள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டாஸ்மாக் பகல் 12 மணிக்கே திறந்தாலும், வேலைக்குப் போகிறவர்களுக்குக் கண்டம் சாயங்காலம்தான். கூலி கையில் வந்திருக்கும், கூட்டாளி போன் பண்ணுவான். அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடந்துவிட்டால், சாப்பிட்டுத் தூங்க வீட்டுக்குப் போய்விடலாம். வேலை முடிந்து வரும் வழியிலேயே ஹால் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிவிட்டு வருகிறேன் என்றால் பாதிப் பேர் வருவதில்லை.

உள்ளே என்ன நடக்கும்? கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ஏஏ என்றால் என்ன என்று ஒருவர் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தன் கதையைப் பேசுவார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் பேச வேண்டிய கட்டாயமில்லை. “இன்று கேட்க வந்தேன்” என்றால் போதும். அன்றைக்குக் குடித்திருந்தாலும் வரலாம், பேசாமல் உட்கார்ந்திருங்கள். கட்டணம், விண்ணப்பம், ஆதார் எதுவும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். டீச் செலவுக்கும் ஹால் வாடகைக்கும் உறுப்பினர்கள் போடுவது அது, புதியவர் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடலாம். ‘சேர்க்கைக்கு இவ்வளவு’ என்று யாராவது பணம் கேட்டால் அது ஏஏ இல்லை.

முடியும்போது மன அமைதிக்கான பிரார்த்தனை ஒன்று உண்டு. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இங்கே நெளிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் பல வருடமாகக் குடிக்காமல் இருக்கிறார். ‘என்னைவிடப் பெரிய சக்தி இந்தக் குழுதான்’ என்பார், பிரார்த்தனையின்போது கையைக் கட்டி நிற்பார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பெண்களுக்கு, ஆண்கள் நிறைந்த ஹாலுக்குள் நுழைவது சங்கடம்தான். முதலில் போன் பண்ணி, வேறு பெண்கள் வருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைன் கூட்டங்களும் இருக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம்.

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். டீ குடிக்கும்போது இரண்டு பேரிடம் நம்பர் வாங்குங்கள். குடிக்கத் தோன்றும்போது, கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், குடித்த பிறகு இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் எடுப்பார்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். இடையில் குடித்துவிட்டால் மறுநாள் சாயங்காலம் மறுபடியும் வாருங்கள், ஏன் குடித்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மனைவி, அம்மா, அப்பா போன்றவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. குடிப்பவர் வர மறுத்தாலும் அவர்கள் அதற்குப் போகலாம், அவருடைய சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.