பரதநாட்டிய உடைக்கு அளவெடுப்பது எப்படி?

சுடிதாருக்கு எடுத்த அளவை வைத்தே பரதநாட்டிய உடையையும் தைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்கும்போது கச்சிதமாகத்தான் இருக்கும். முழுமண்டியில், அதாவது முழங்காலை முழுதாக மடக்கிக் குதிகால் மேல் உட்காரும் நிலையில், உட்கார்ந்ததும் பைஜாமா தையல் விட்டுவிடும். நான் முதன்முதலில் தைத்த உடைக்கு ஒத்திகையிலேயே இந்தக் கதி. அந்தக் குழந்தையின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஆடும் நிலையில் வைத்துத்தான் அளக்கிறேன்.

முதலில் டேப்பைச் சரிபாருங்கள். பழைய டேப் இழுபட்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழந்தை மேடையில் போடும் அதே உள்ளாடையும், மேலே மெல்லிய, உடம்போடு ஒட்டிய துணியும் போட்டிருக்கட்டும்.

1. ஒட்டியாணம் உட்காரும் இடத்தில் ஒரு நாடாவைக் கட்டுங்கள். இடுப்பிலிருந்து எடுக்கும் எல்லா நீளமும் இந்த நாடாவிலிருந்துதான்.

2. மார்பளவை மூச்சை நன்றாக இழுத்த நிலையில் ஒருமுறை, விட்ட நிலையில் ஒருமுறை எடுங்கள். இரண்டையும் எழுதுங்கள். நிகழ்ச்சியின் கடைசியில் வரும் வேகமான தில்லானாவை ஆடி முடிக்கும்போது எப்படி மூச்சு வாங்கும் என்று யோசித்தால் காரணம் புரியும்.

3. ரவிக்கை நீளத்தைக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி எடுங்கள். ஆர்ம்ஹோலுக்கு நாட்டியாரம்ப நிலை, அதாவது கைகளைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டிய நிலை. கைச்சுற்று, முழங்கையை மடக்கிய நிலையில். மேல்கையில் வங்கி என்ற நகையைக் கட்டும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கவட்டு அளவுதான் உயிர்நாடி. முன்பக்க நாடாவில் டேப்பை வைத்து, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், பின்பக்க நாடா வரை எடுக்க வேண்டும். டேப்பைக் குழந்தையையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். அப்படியே முழுமண்டியில் உட்காரச் சொன்னால் டேப் கையிலிருந்து நழுவி நீளும். நின்றபோது 24 இன்ச் இருந்தது உட்கார்ந்ததும் 26, 27 ஆகலாம். பெரிய அளவுக்கே வெட்டுங்கள்.

5. தொடை, முழங்கால் சுற்றளவும் முழுமண்டியில்தான். பைஜாமா நீளம் மட்டும் நின்றபடி, சலங்கை கட்டும் இடத்துக்குச் சற்று மேல் வரை.

6. முன்னால் கொசுவம் வைத்துத் தைக்கும் விசிறிக்கு, அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி மடக்கிய நிலை) இரு முழங்கால்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளங்கள். விரியும்போது விசிறி இறுகக் கூடாது என்பதால் கொசுவத்துக்கான துணியைத் தாராளமாக விடுங்கள்.

எழுதும்போது உடம்பின் அளவை மட்டும் எழுதுங்கள். லூஸையும் சேர்த்து எழுதிவிட்டு, வெட்டும்போது மறந்துபோய் மறுபடியும் சேர்ப்பது புதிதாகப் பழகுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. தேதியும் போடுங்கள், வளரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய அளவு உதவாது.

அப்புறம், பின்னால் பிரித்துப் பெரிதாக்க உள்ளே ஒன்றரை இன்ச் துணி விடுவது நல்லதுதான். ஆனால் பட்டுத் துணியில் தையலைப் பிரித்தால் பழைய ஊசித் துளை வரிசை அப்படியே தெரியும். அதனால் முதலில் சாதாரணக் காடாத்துணியில் தைத்துப் போட்டுவிட்டு, தொடக்க உருப்படியான அலாரிப்பு ஒன்றை ஆடச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, அந்த அளவைத் திருத்திய பிறகு பட்டில் கத்தரி வையுங்கள்.