பச்சைப் புள்ளியை நம்பிப் பீட்சா கேட்காதீர்கள்

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீகனாக, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாமல், இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. விடிவதற்கு முன்பே பால் சொசைட்டி வாசலில் கேனோடு ஆட்கள் நிற்கும் ஊர் இது. அக்கா மகள் பால், தயிர், நெய், முட்டை, தேன் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டபோது என் அம்மா கேட்டது ஒரு கேள்விதான்: "எத்தனை நாளைக்குக் கண்ணு விரதம்?"

வீட்டில் பாடு இல்லை. இட்லி, தேங்காய்ச் சட்னி, ரசம், புட்டு, கடலைக்கறி, நம் சாப்பாட்டில் பாதி ஏற்கெனவே வீகன்தான். அவளுக்குப் பீட்சா ஆசை வரும்போதுதான் வம்பு. வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவோம். சில நேரம் எதிர்த்திசையில் பாலக்காடு. அவளோடு போய் ஏமாந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு பச்சைப் புள்ளியை நம்புவது. நம் நாட்டு உணவுச் சட்டத்தின் கணக்கில் பாலும் பால் பொருள்களும் தேனும் சைவம். அதனால் சீஸ் வழியும் பீட்சாவுக்கும் பச்சைப் புள்ளி உண்டு. வீகனுக்கென்று தனி விதிமுறை 2022-ல்தான் வந்தது. அதற்கு வேறு முத்திரை: கட்டத்துக்குள் பச்சை நிற ஆங்கில 'வி' எழுத்து, அதில் சின்ன இலை. பாக்கெட்டில் தேட வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, 'வீகன்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது. கேட்கிறவர் காதில் அது 'வெஜ்' என்றே விழும். ஒருமுறை கார்த்திகை மாதத்தில் போயிருந்தோம். சர்வர் தம்பி என்னைப் பார்த்து, "மாலை போட்டிருக்கீங்களா சாமி? அப்ப பன்னீர் பீட்சா நல்லாருக்கும்" என்றான். இன்னொரு இடத்தில் ஜெயின் பீட்சாவைக் காட்டினார்கள். அதில் இல்லாதது வெங்காயமும் பூண்டும்தான், சீஸ் தாராளமாக இருந்தது.

எனவே பொருள் பொருளாகக் கேளுங்கள். சீஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பால்பவுடர், நெய், முட்டை, தேன் எதுவும் வேண்டாம். பரிமாறுகிறவர் வெளிமாநிலத்துப் பையன் என்றால் 'நோ சீஸ், நோ பட்டர், நோ மில்க்' போதும், தத்துவ விளக்கம் தேவையில்லை. 'பால் இருக்கா' என்று மட்டும் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கத்துச் சமையல்காரருக்குத் தேங்காய்ப்பாலும் பால்தான். பாலக்காட்டில் ஒருவர் "பால் சேர்த்திருக்கு" என்று சொன்னதை நம்பி ஒரு நல்ல வெள்ளை சாஸை வேண்டாம் என்று தள்ளிவிட்டோம். எழுந்து வரும்போதுதான் அது தேங்காய்ப்பால் என்று தெரிந்தது. அவளுக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. 'மாட்டுப்பாலா' என்றே கேளுங்கள்.

மாவைப் பற்றி யாருமே கேட்பதில்லை. பீட்சா பிறந்த இத்தாலியின் நேப்பிள்ஸில் பழைய முறைப்படி மாவுக்கு நான்கே பொருள்: கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். ஆனால் மெத்தென்று வர வேண்டும் என்பதற்காகப் பால்பவுடரோ வெண்ணெயோ சேர்க்கும் கடைகளும் உண்டு, சில இடங்களில் தேனும் சேரும். தயாராக வாங்கி வைக்கும் பேஸ் என்றால் பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

எல்லாம் கேட்டு முடித்தும் ஒருமுறை கோட்டை விட்டோம். சீஸ் இல்லை, மாவிலும் பால் இல்லை. ஆனால் அடுப்பிலிருந்து எடுத்ததும் ஓரமெல்லாம் பூண்டு வெண்ணெய் தடவிக் கொண்டுவந்து வைத்தார் சமையல்காரர். "வெறுமனே இருந்துச்சு, பளபளன்னு இருக்கட்டுமேன்னு தடவினேங்க." பாசத்தில் செய்ததற்கு என்ன சொல்வது? அந்தப் பீட்சாவை நான் சாப்பிட்டேன். அப்போதிலிருந்து 'கடைசியில் மேலே ஏதாவது தடவுவீங்களா' என்பதையும் சேர்த்துக் கேட்கிறோம்.

இப்போது சீஸுக்கு வருவோம். இதில்தான் ஏமாற வழி அதிகம். சீஸ் போலவே இருக்கும் மாற்றுச் சரக்கு எல்லாம் வீகன் இல்லை. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த 'அனலாக்' வகைகள் உண்டு. அவற்றில் பலவற்றில் கேசின் என்ற பால் புரதம் இருக்கும். 'நான்-டெய்ரி' என்று எழுதியிருந்தாலும் கேசினேட் என்ற பெயர் பொருள் பட்டியலில் இருந்தால் அது பாலிலிருந்து வந்ததுதான்.

உண்மையான வீகன் சீஸ் தேங்காயெண்ணெயும் மரவள்ளி போன்ற ஏதோவொரு மாவும் சேர்ந்ததாகவோ, முந்திரியை அரைத்துச் செய்ததாகவோ இருக்கும். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் எது என்று கேட்டுவிட வேண்டும். இழுத்தால் நூல் நூலாக வரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பீட்சாவுக்கு வழக்கமாகப் போடும் மொசரெல்லா சீஸை அப்படி இழுபட வைப்பதே அந்தக் கேசின்தான். தேங்காயெண்ணெய் சூட்டில் உருகும், ஆறினால் உறையும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது எங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தாலே இது புரியும். ஆகவே படம் பிடித்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று ஆற விடாதீர்கள், மெழுகு கடிப்பது போல இருக்கும். வீகன் சீஸைக் காய்கறிக்கு அடியில் போடச் சொன்னால் காய்ந்துபோகாமல் வரும். பாலில்லை என்பதால் உடம்புக்கு நல்லது என்று நினைப்பதும் சரியில்லை. தேங்காயெண்ணெய் அடிப்படையிலான சீஸில் புரதம் மிகக் குறைவு, நிறைவுற்ற கொழுப்பு நிறைய. கொண்டைக்கடலையோ டோஃபு என்ற சோயாப் பன்னீரோ மேலே போடச் சொன்னால் வயிறும் நிறையும்.

மயோனைஸ் தனிக் கதை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குக் கேரளத்தில் 2023-லும் தமிழ்நாட்டில் 2025-லும் தடை வந்தது. 'முட்டைதான் இல்லையே, அப்போ வீகன்தானே' என்று டிப்பைத் தொட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. முட்டையில்லா மயோனைஸைப் பாலோடு எண்ணெய் சேர்த்து அடிப்பதும் வழக்கம். பெஸ்டோ என்ற சாஸ் பச்சைப்பசேல் என்று துளசித் துவையல் மாதிரி இருந்தாலும் அதில் பெரும்பாலும் சீஸ் இருக்கும்.

பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் போதாது. அதே வெட்டும் சக்கரம், அதே மேசை, அதே அடுப்பு, பக்கத்துத் தட்டிலிருந்து சிதறும் சீஸ் துருவல். வீகன் என்பது கொள்கைக்குப் போதும், அலர்ஜிக்கு உத்தரவாதம் இல்லை. தனியாகச் செய்து தர முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையில் பீட்சாவை விட்டுவிடுவதுதான் சரி.

என்னைக் கேட்டால், சீஸுக்குப் பதில் சீஸ் தேடுவதே வீண் அலைச்சல். மரினாரா பீட்சா கேளுங்கள். கடலோடு ஒட்டிய பெயரைக் கேட்டு மீன் போட்டிருக்குமோ என்று பயப்பட வேண்டாம், தக்காளி, பூண்டு, ஆரிகனோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பழைய நேப்பிள்ஸ் முறையில் அதில் சீஸ் என்பதே கிடையாது. மெனுவில் இல்லாவிட்டாலும் பெரும்பாலான சமையலறைகளில் பொருள்கள் இருக்கும். சாஸைக் கொஞ்சம் கூடுதலாகவும், தண்ணீர் விடும் காளானையும் குடைமிளகாயையும் குறைவாகவும் போடச் சொல்லுங்கள், அடி நமுத்துப் போகாது.

போன மாதம் அதில் ஒன்றைப் பார்சலாகக் கொண்டுவந்தோம். பஸ்ஸில் வந்த ஒரு மணி நேரத்தில் பெட்டிக்குள்ளேயே வியர்த்து வாடிப் போயிருந்தது. மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும் என்று தோசைக்கல்லைக் காயவைத்து, சிறுதீயில், முதலில் திறந்தும் அப்புறம் மூடியும் சூடு செய்தேன். அடி மொறுமொறுப்பாக வந்தது. அம்மா ஒரு துண்டை மென்றுவிட்டு, "தக்காளித் தொக்குத் தடவின ரொட்டி. இதுக்கா இத்தனை தூரம் போனீங்க?" என்று கேட்டுவிட்டு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கப் போய்விட்டார்.